நலிந்த நிறுவனமா? ‘டிஸ்அட்வான்டேஜ்டு பிசினஸ்’ என்பதற்குத் தமிழ்

‘நலிந்த கட்டுமான நிறுவனங்களுக்கு இட ஒதுக்கீடு.’ அமெரிக்கச் சாலைப் பணிகள் பற்றிய தமிழாக்கங்களில் இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஒரே தொடரில் இரண்டு தப்பு.

மூலச்சொல் ‘டிஸ்அட்வான்டேஜ்டு பிசினஸ் என்டர்பிரைஸ்’, சுருக்கமாக டி.பி.இ.; அரசின் சாலைப் பணிகளில் வாய்ப்புப் பெறச் சில சிறு நிறுவனங்களுக்குத் தரும் சான்றின் பெயர். பிரெஞ்சில் ‘அவான்’ என்றால் முன். அதிலிருந்து ‘அவான்தாஜ்’, முன்நிற்கும் வசதி. அதன் முதலில் உள்ள ‘அ’வை ‘அட்’ என்ற லத்தீன் முன்னொட்டு என்று தவறாக நினைத்து ஆங்கிலத்தார் நடுவில் ஒரு ‘ட்’ செருகினார்கள். ‘டிஸ்’ எதிர்மறை. வேர்க்கதை இவ்வளவுதான்.

இப்போது ‘நலிந்த’. நம்மூரில் நலிந்த ஆலை என்றால் நட்டத்தில் மூழ்கி, கடன் கட்ட முடியாமல் மூடும் நிலைக்கு வந்தது. டி.பி.இ. சான்று பெற அப்படி இருக்கவேண்டியதில்லை. சாலையில் கோடு போடும் நிறுவனம், தடுப்புவேலி நடும் நிறுவனம், மண் லாரி ஓட்டும் நிறுவனம், எதுவும் லாபத்தில் ஓடலாம். சட்டம் பார்ப்பது முதலாளியை. 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1983 ஜனவரியில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், சாலை நிதியில் 10 விழுக்காட்டைச் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் வாய்ப்புக் குறைந்தவர்கள் உடைமையாக வைத்து நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு என்றது. பங்கில் குறைந்தது 51 விழுக்காடு அவர்களுடையது. நிர்வாகமும் அவர்கள் கையில். அடைமொழி ஆளுக்கு. அதைப் பிடுங்கி நிறுவனத்தின் தலையில் வைத்தால் நல்ல கம்பெனி நோயாளி ஆகிவிடுகிறது.

‘பின்தங்கிய நிறுவனம்’ என்பவர்களும் உண்டு. வேர்ப்பொருள் அவர்கள் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்தங்குவது ஒருவர் தானாகச் செய்வது. மெதுவாக நடந்தவர் பின்தங்குவார். இங்கே நடந்தது வேறு: வேலை தெரிந்தும் வங்கிக் கடன் கிடைக்கவில்லை, பணிக்கான ஜாமீன் பத்திரம் கிடைக்கவில்லை, பெரிய ஒப்பந்ததாரர்களின் பழகிய வட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்ல அருமையான வழி இருக்கிறது. ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்கிறோமே, அந்தப் ‘படுத்தப்பட்ட’ என்பதற்குள் செய்தவன் ஒளிந்திருக்கிறான். அதையே எடுத்து வைக்கலாம் என்றால், நம் வாசகருக்கு உடனே சாதிப் பட்டியல்தான் நினைவுக்கு வரும். அதனால் நான் எழுதுவது: வாய்ப்பு மறுக்கப்பட்டோர் சிறுநிறுவனம். நீளம்தான். ஆங்கிலமும் நீளம்தானே!

வாய்ப்புக் குறைந்தவர்கள் என்று விதியே முன்கூட்டிக் கருதிய பிரிவினரின் பட்டியலில் நம்மவர்களும் இருந்தார்கள். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தொல்குடியினர், 1987 முதல் பெண்கள் ஆகியோரோடு இந்தியா, இலங்கை உள்ளிட்ட துணைக்கண்டத்தாரும் அதில் அடக்கம். அங்கே சான்று வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பொறியாளரிடம் போய், ‘நீங்கள் நலிந்தவராமே’ என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ‘இட ஒதுக்கீடு’. அதுவும் பொருந்தாது. அந்த 10 விழுக்காடு நாடளவிலான இலக்கு. ஒப்பந்தத்துக்குக் குறிக்கும் இலக்கும் கட்டாயப் பங்கு அல்ல. முதன்மை ஒப்பந்ததாரர் உண்மையாக முயன்றதைக் காட்டினால், எட்டாவிட்டாலும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்கும். கட்டாயப் பங்கு வேறு. ரிச்மண்ட் நகரம் ஒப்பந்த மதிப்பில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தரவேண்டும் என்று வைத்ததை 1989-இல் உச்ச நீதிமன்றமே செல்லாது என்றது. இந்த வேறுபாட்டைச் சுற்றி அங்கே இத்தனை வழக்கு நடந்திருக்க, நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லையோ, செய்தித்தாளில் பழகிய சொல்லையோ ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தூய தமிழா, கலப்பா என்று சண்டை போடும் நேரத்தில் பாதியை விதியைப் படிக்கச் செலவிடலாம். ‘நலிந்த’ தூய தமிழ்தான், என்ன பயன்?

2025 அக்டோபரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை, இனத்தையோ பாலினத்தையோ வைத்து ஒருவரை இப்பிரிவில் சேர்க்கும் முன்அனுமானத்தை நீக்கியது. ஏற்கெனவே சான்று பெற்றவர்களும் மறுபரிசீலனைக்கு உட்பட வேண்டும். தனக்கு எங்கே, எப்படி வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் காட்ட வேண்டும். நிறுவனம் நலிந்ததைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.