வளைவில் கிடப்பது தடுப்பணை அல்ல

"ஆற்று வளைவுகளில் தடுப்பணை கட்டிக் கரை அரிப்பைக் குறைக்கிறார்கள்." மொழிபெயர்ப்புகளில் இப்படி ஒரு வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மூலத்தில் இருப்பது 'பெண்ட்வே வீர்'. பெண்ட்வே என்றால் ஆற்று வளைவு. வீர், பழைய ஆங்கிலத்தில் 'வெர்'. காத்தல், அடைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. வேரிலேயே அடைத்தல் இருக்கிறதே, தடுப்பணை சரிதானே என்று வாதிடுவார்கள். இன்றைக்கு வீர் என்றால் தண்ணீர் மேலேறி வழிந்துபோக விடும் கட்டுமானம். முழுதாகத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை இல்லை.

மிசிசிப்பி ஆற்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1990 வாக்கில் அங்கே டாக்டூத் வளைவில் பெண்ட்வே வீர்களைப் போட்டது. வளைவில் வேகமான நீர் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்கி, கீழே இறங்கி, கரையின் அடிமண்ணைப் பறிக்கும். பறித்த மண் உட்கரையில் திட்டாகச் சேரும். இதை மாற்ற, வெளிக்கரையிலிருந்து பாறைகளை வரிசையாகக் கொட்டுகிறார்கள். அந்த வரிசை நீர் வரும் திசையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஏனென்றால், பாறை வரிசையின் முகட்டைத் தாண்டும் நீர் முகட்டுக்குச் செங்குத்தாகத் திரும்பும். அப்போதுதான் கரையை விட்டு நடு ஆற்றுக்குப் போகும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் கரையிலேயே போய் மோதும். பாறைகள் எப்போதும் நீருக்குள்தான் கிடக்கும், சரக்குப் படகுகள் அவற்றின் மேலேயே போகும். இது ஆற்றுக்குக் குறுக்கே முழுதாக நிற்பதில்லை, தண்ணீரைத் தேக்குவதுமில்லை. தடுப்பணை என்று படிக்கும் விவசாயி மனதில் வருவதோ ஓடையை மறித்த சுவரும் பின்னால் தேங்கிய குளமும்தான். படம் தலைகீழாகிவிடுகிறதே!

'மூழ்கணை' என்று சிலர் சொல்வது பரவாயில்லை. ஆனால் அணை மூழ்கிப்போனது என்ற விபத்துச் செய்தி போல ஒலிக்கிறது. அதோடு, கையில் சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஒட்டவைக்க வேண்டும்? ஏரி நிரம்பினால் உபரிநீர் கல் முகட்டின் மேலேறி வழியும் இடத்துக்குக் கலிங்கு என்று பெயர். கலிங்கல், கலங்கல் என்றும் சொல்வார்கள். சென்னை மாகாணத்துப் பொறியாளர்களே இதைக் 'கலிங்குலா' என்று ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனார்கள். அணைக்கட்டு 'அனிகட்' ஆனதும் அப்படித்தான். ஆங்கிலக்காரர் வாங்கிக்கொண்ட சொல் நம் மொழிபெயர்ப்பாளருக்கு நினைவு வராதது எனக்கு வருத்தம்தான்.

கலிங்கு ஏரிக்கரைக்கு உரியது, ஆற்றுக்குப் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும் என்பேன். கல் முகட்டைத் தாண்டி நீர் போவதுதான் அந்தச் சொல்லின் உயிர். இடத்தை 'வளைவு' சொல்லிவிடும். ஆகவே 'வளைவுக் கலிங்கு'. நீருக்குள் கிடப்பதை முதல் முறை எழுதும்போது அரை வரியில் விளக்கினால் போதும்.

அப்புறம், இதைத் 'தூண்டில் வளைவு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது கடற்கரையில் அலைக்கு எதிராக, நீருக்கு வெளியே தெரியும்படி நீட்டிப் போட்ட கல்வரிசை. கடலோர ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த நல்ல சொல், அதை அங்கேயே விட்டுவிடலாம்.