காற்றுக்கு வழி காட்டோணும்: காற்றால் குளிரும் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கடையொன்றின் பின்பக்கத்தில், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் சிலிண்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனத்த வார்ப்பிரும்புக் குழாய். அதைச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய தகடுகள். இவற்றைத்தான் ஃபின் என்கிறோம். இரண்டு ஃபின்களுக்கு நடுவே எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிமண்ணாக இறுகிக் கிடந்தது. கடைக்கு வந்திருந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஸ்க்ரூடிரைவரின் நுனியால் அதைக் கிளறி எடுத்தார். பிறகு, மூலையில் கிடந்த வளைந்த தகரத் துண்டு ஒன்றைக் காட்டிச் சொன்னார்: "காத்துக்கு வழி காட்டோணும் தம்பி. இல்லாட்டி அது தன்ர பாட்டில போயிடும்."

இன்றைக்கு ஒருவர் புதிதாக, வேகமான ஸ்போர்ட்ஸ் காருக்குக் காற்றால் குளிரும் எஞ்சின் செய்ய உட்கார்ந்தால், அவருடைய வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்ப்போம். 300 குதிரைத்திறன் தரும் எஞ்சின் என்றால் சுமார் 220 கிலோவாட். எரிந்த பெற்றோலின் சக்தியில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதி, சிலிண்டர் சுவரிலும், சிலிண்டரின் வாயை மூடும் தலைப்பகுதியிலும் வெப்பமாக இறங்குகிறது. அதில் 100 கிலோவாட்டைக் காற்று சுமக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் காற்றை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 1 கிலோஜூல் போதும். ஃபின்களைக் கடக்கும்போது காற்று 60 பாகை சூடேறினால், செக்கனுக்கு 1.7 கிலோகிராம் காற்று தேவை. அதாவது சுமார் 1,400 லீட்டர். வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் பத்தடிக்குப் பத்தடி அறை இருந்தால், அதிலுள்ள காற்று முழுவதையும் இந்த எஞ்சின் 20 செக்கனில் விழுங்கிவிடும். அதே வெப்பத்தை அதே 60 பாகை ஏற்றத்தில் எடுத்துச் செல்லத் தண்ணீராக இருந்தால் செக்கனுக்கு அரை லீட்டர்கூட வேண்டாம்.

இவ்வளவு காற்றைத் தள்ளத்தான் போர்ஷே 911இன் பின்புறத்தில் அந்தப் பெரிய விசிறி இருந்தது. 1963இல் அறிமுகமான காலம் முதல் 1998இல் காற்றுக் குளிர்ச்சி முடிவுக்கு வரும்வரை அதன் அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் போய் விசிறியைச் சுழற்றும். எஞ்சின் வேகம் கூடக் கூடக் காற்றும் கூடும். ஆனால் விசிறி தின்னும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. ஆகவே நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்குப் போகும் எஞ்சினில் பழையபடி பெல்ட்டில் விசிறியைக் கட்டிவிட்டு இருக்க முடியாது. அதன் வேகத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும்.

சரி, கொழும்பு வெயிலில் இது தாங்குமா? காலி வீதியில் மத்தியான நெரிசலில் நிற்பவருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. வெப்பம் எவ்வளவு விரைவாகக் கைமாறும் என்பதை இரண்டு பக்கத்து வெப்பநிலை வித்தியாசம் தீர்மானிக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினின் தலை 200 பாகையில் இருக்கிறது என்றால், 10 பாகைக் குளிர்நாட்டில் வித்தியாசம் 190. கொழும்பின் 32 பாகையில் 168. பன்னிரண்டு சதவீதம் அளவில்தான் குறைகிறது. தண்ணீர் ரேடியேட்டரோ 95 பாகையில் ஓடுகிறது. அங்கே 85 ஆக இருந்த வித்தியாசம் 63 ஆகிவிடும். கால்வாசி போய்விட்டது. சூட்டு நாட்டில் காற்றுக் குளிர்ச்சிக்குத்தான் இழப்பு குறைவு! நம்மை வாட்டும் புழுக்கமும் எஞ்சினைத் தொடாது. நமக்கு வியர்வை உலர வேண்டும். இரும்புக்கு வியர்ப்பதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? தலையில். இன்னும் துல்லியமாகச் சொன்னால், புகை வெளியேறும் வால்வுகளைச் சுற்றியுள்ள, ஒரு நாணயம் அளவான இடத்தில்.

வேகமாகச் சுற்றும் எஞ்சின் நன்றாக மூச்சுவிட வேண்டுமானால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு வேண்டும். காற்று உள்ளே வர இரண்டு, புகை வெளியே போக இரண்டு. வெளியேறும் வால்வுகள் இரண்டுக்கும் நடுவே ஒல்லியான ஒரு அலுமினியப் பாலம் மிஞ்சும். 800, 900 பாகைப் புகை அதன் இருபுறமும் சீறிப் போகிறது. சாதாரண அலுமினியக் கலவைகள் 250 பாகையை நெருங்கும்போதே பலம் இழக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் எஞ்சினில் அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கால்வாய் குடைந்து தண்ணீரை ஓடவிடலாம். காற்றை அங்கே கொண்டுபோக முடியாது. அதனால்தான் 1986இல் வந்த போர்ஷே 959இல் சிலிண்டர்களைக் காற்றுக்கு விட்டுவிட்டு, நான்கு வால்வுத் தலைகளுக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தார்கள். காற்றுக் குளிர்ச்சி 911கள் கடைசிவரை இரண்டு வால்வோடு நின்றதற்கும் இதே காரணம் பெரியது.

இந்தப் பாலத்தைக் காப்பாற்ற வழிகள் உண்டு. எனக்கு மிக அழகாகத் தெரிவது சோடியம் வால்வு. 1920களில் விமான எஞ்சின்களுக்காகப் பொறியாளர் சாம் ஹெரன் செம்மைப்படுத்தியது. வால்வின் தண்டைக் குடைந்து, உள்ளே கொஞ்சம் சோடியம் போட்டு மூடிவிடுவார்கள். சோடியம் 98 பாகையில் உருகிவிடும். எஞ்சின் 9,000 சுற்றில் ஓடும்போது வால்வு செக்கனுக்கு 75 தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் உள்ளே உருகிய உலோகம் மேலும் கீழும் அலம்பி, சூடான தட்டிலிருந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய்த் தண்டில் கொட்டுகிறது. யாரும் தள்ளாமலே ஓடும் பம்ப் அது.

இன்னொரு வழி எண்ணெய். காற்றால் குளிரும் எஞ்சின் என்று பேர் இருந்தாலும், வேகமான எதிலும் எண்ணெய்தான் இரண்டாவது குளிரூட்டி. தண்ணீரில் பாதியளவுக்கு வெப்பம் பிடிக்கும். 1985இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 மோட்டார் சைக்கிளில் எரிஅறையின் கூரைக்கு மேலேயே எண்ணெயைப் பீய்ச்சி அடித்தார்கள். புதிய எஞ்சினில் வால்வுப் பாலத்துக்கு ஒரு மெல்லிய எண்ணெய்த் துளையும், பிஸ்டனின் அடியில் ஒரு பீச்சலும் வைத்தால் காற்றின் சுமை குறையும். புகைத் துளையின் உட்புறத்தில் பீங்கான் உறை போட்டால் வெப்பம் தலைக்குள் நுழைவதே குறையும்.

முடியுமா என்ற கேள்விக்கு விடை வந்தாயிற்று. பழைய 911களைப் புதுப்பித்துக் கட்டும் அமெரிக்க சிங்கர் நிறுவனம், ஃபார்முலா 1 பந்தயத்தில் பேர்பெற்ற வில்லியம்ஸின் பொறியாளர்களோடு சேர்ந்து, 964 வகை 911இன் எஞ்சினிலிருந்து 4 லீட்டர், நான்கு வால்வு, 9,000 சுற்று, 500 குதிரைத்திறன் எஞ்சினை உருவாக்கியது. முதல் 911 எஞ்சினிலும், 1970இலும் 1971இலும் லெ மான் பந்தயத்தை வென்ற போர்ஷே 917 பந்தயக் காரின் 12 சிலிண்டர் எஞ்சினிலும் கைவைத்த ஹான்ஸ் மெட்ஸ்கர் அதற்கு ஆலோசனை தந்தார்.

சிலிண்டர் சுவரையும் மறக்கக் கூடாது. 100 மில்லிமீட்டர் அகலமான அலுமினிய பிஸ்டன் 100 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் விரியும். வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரியும். பீட்டிலின் அந்த இரும்பு சிலிண்டரில் பிஸ்டனுக்குத் தாராளமாக இடைவெளி விட்டிருந்தது இதனால்தான். நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த நிக்கசில் பூச்சு வந்த பிறகு சிலிண்டரையும் அலுமினியத்தில் செய்ய முடிந்தது. இரண்டும் சேர்ந்தே விரிகின்றன. அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்குக்கு வெப்பம் கடத்துவதால் ஃபின்னின் நுனிவரை சூடு போய்ச் சேர்கிறது.

அப்புறம், அந்தத் தகரம். காற்று எப்போதும் சுலபமான வழியையே தேடும். ஃபின்களின் நெருக்கத்துக்குள் நுழைவதைவிட, பக்கத்தில் திறந்த இடம் இருந்தால் அதிலேயே ஓடிவிடும். சிலிண்டரின் முன்பக்கம் குளிர்ந்து பின்பக்கம் வேகும். அப்போது வட்டமான துளை முட்டை வடிவமாகிவிடும். தகரம் சிலிண்டரை இறுக்கி அணைத்து, காற்றைப் பின்பக்கம்வரை வளைத்துக் கொண்டுபோகிறது. பழைய பீட்டிலில் எண்ணெய்க் கூலர் காற்றின் பாதையிலேயே நின்றதால் மூன்றாவது சிலிண்டர் மட்டும் அதிகம் சூடானது. ஒரு தடங்கல், ஒரு சிலிண்டர். இன்று இந்த ஓட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கலாம். உலோகத் தூளை லேசரால் உருக்கி அச்சிடும் முறையில், வார்ப்பில் வராத மெல்லிய, வளைந்த ஃபின்களையும் செய்யலாம்.

இதிலெல்லாம் தீராத சிக்கல் புகைச் சட்டம். தலை சூடேறும்போது கொஞ்சம் பெற்றோலைக் கூடுதலாக விட்டுக் குளிர்விப்பது பழைய பழக்கம். அந்தக் கூடுதல் பெற்றோல் முழுதாக எரியாமல் வெளியே போகும். இன்றைய கடுமையான விதிகளில் அதற்கு இடம் மிகக் குறைவு.

விசிறியை மின்சாரத்தில் ஓட்டினால், அதன் வேகத்தைத் தனியாகக் கட்டுப்படுத்துவதோடு இன்னொரு நன்மையும் உண்டு. பெல்ட் விசிறி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியதும் நின்றுவிடும். அந்த நிமிடத்தில் புகைக்குழாயின் சூடு தலைக்குள் ஏறத் தொடங்கும். மின்விசிறியோ வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு நீங்கள் படியேறும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே உலோகம் சுருங்கும் டிக், டிக் ஓசை மெல்ல அடங்கியதும் அதுவும் நிற்கும்.