அலாய் வாங்கும் முன் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள்

கோவையில் நான் செய்வது சஸ்பென்ஷன் வேலையும் வீல் அலைன்மெண்ட்டும் மட்டும்தான். இன்ஜின் பக்கமே போவதில்லை. அதனால் எனக்கு வரும் போன் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, 16 இன்ச் அலாய் போட்டா வண்டி நல்லா நிக்குமுங்களா?" "ஸ்பிரிங் கட் பண்ணித் தருவீங்களா?" "வால்பாறை ஏறுறப்ப வண்டி ரொம்பச் சாயுது, நல்ல ஷாக் அப்சர்பர் எதுங்கண்ணா?" மூன்று பேருக்கும் என் பதில் ஒன்றுதான். வண்டியைக் கொண்டு வாங்க, லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடும் சாதாரணக் காரை மேம்படுத்த ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் பணம் போகும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முதலில் பளபளப்பான ரிம். அதற்கு ஏதோ ஒரு டயர். பிறகு வண்டியை இறக்க ஸ்பிரிங் வேலை. அடியில் கிழிந்து தொங்கும் ரப்பரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது போட்டோவில் தெரியாதல்லவா! நான் சொல்லும் வரிசை வேறு: தேய்ந்ததை மாற்றுங்கள், அடுத்து டயர், அடுத்து ஷாக் அப்சர்பர், மிச்சமிருந்தால் ரிம்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம். முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒரே தூணாக நிற்கும், கீழே லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பிடித்திருக்கும். அந்த ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் இருப்பது இரும்பு உருளைக்குள் ஒட்டிய ரப்பர் புஷ். பிரேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் வரும் இழுவை முழுக்க அந்த ரப்பரில்தான் விழும். லிஃப்ட்டில் ஏற்றி நீள லிவரைக் கொடுத்து நெம்பினால் நல்ல புஷ் கொஞ்சம் வளைந்துகொடுத்து உடனே திரும்பும். போன புஷ் வாயைப் பிளக்கும், உள்ளே வெடிப்பு தெரியும். அந்த நிலையில் பிரேக் போட்டால் சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னுக்குப் போய் வரும். ஓட்டுபவருக்கு அது "வண்டி அலையுது" என்று தெரியும். அதற்கு மருந்தாக 16 இன்ச் ரிம் வாங்கினால் அலைச்சல் அப்படியே இருக்கும், பணம்தான் இருக்காது.

ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியில் பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், வீல் பேரிங் எல்லாவற்றையும் அதே லிஃப்ட்டில் பார்த்துவிடலாம். சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும். 12, 6-இல் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் பேசும். வால்பாறைப் பாதையில் இருக்கும் 40 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாய்கிறது என்று வந்தவர்களில் சிலருக்கு லிங்க் ராடையும் ஸ்டெபிலைசர் புஷ்ஷையும் மாற்றியதோடு வேலை முடிந்திருக்கிறது. வளைவில் உடல் சாயாமல் பிடிக்கும் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். அது இருந்தும் அதன் லிங்க் தொளதொளவென்று இருந்தால், உடல் சாய ஆரம்பித்த பிறகுதான் அது வேலைக்கே வரும்.

இங்கே மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஆர்ம் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்க வேண்டும். ஆர்ம் கீழே தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். "கம்பெனி பார்ட்டே மட்டமுங்க" என்று பழி பார்ட்டின் மேல் விழும்.

அடுத்து டயர். ஒரே அளவில், நல்ல பிடிப்புள்ள புது டயர் நான்கு போட்டால் மழையில் பிரேக் பிடிக்கும் விதமே மாறிவிடும். வேறு எந்த மாற்றமும் இந்தக் காசுக்கு இவ்வளவு தராது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷமான ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். "எல்லா வண்டிக்கும் 35 வைங்க" என்று சொல்லும் பங்க் தம்பியை நம்ப வேண்டாம்.

அளவை மாற்றுவதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் வேரியண்ட்டில் 165/80 ஆர் 14, மேல் வேரியண்ட்டில் 185/65 ஆர் 15. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்றால் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. இரண்டு பக்கச்சுவரையும் 14 இன்ச் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. அந்த 15 இன்ச் டயரைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 621.5 வரும். ரிம் பெரிதானாலும் சக்கரத்தின் மொத்த உயரம் மாறவில்லை. கம்பெனிக்காரர்கள் இப்படிப் பார்த்துத்தான் அளவு தருகிறார்கள்.

இப்போது அதே வண்டிக்கு, பார்க்க அகலமாக இருக்கிறது என்று 195/50 ஆர் 15 போடுகிறார்கள். விட்டம் 576 மி.மீ. வண்டி 22 மி.மீ. கீழே வந்துவிடும். கம்பெனி சொல்லும் 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் 141 ஆகிவிடும், அதுவும் ஆள் ஏறும் முன். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 93-தான் போவீர்கள். ஓடோமீட்டரும் அதே கணக்கில் கூடுதலாக ஓடும், சர்வீஸும் வாரண்டியும் சீக்கிரம் வந்து நிற்கும். இன்னொன்று பாரம். டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் லோட் இண்டெக்ஸ். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 195/50 ஆர் 15-இல் வழக்கமாக வருவது 82, அதாவது 475 கிலோ. அகலமான டயர் அதிகம் தாங்கும் என்று நினைக்கிறார்கள். பக்கச்சுவர் குட்டையாகி உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் தாங்கும் பாரமும் குறையும்.

பக்கச்சுவர் குட்டையானால் குழி நேராக ரிம்மைத் தேடி வரும். பாலக்காட்டு ரோட்டில் இரவில் ஒரு பள்ளத்தில் இறங்கிய 45 ப்ரொஃபைல் (பக்கச்சுவர் அகலத்தில் 45 சதவீதம்) டயரை அடுத்த நாள் காலையில் பார்த்தால், பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருக்கும். உள்ளே இழை அறுந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பஞ்சரும் கிடையாது, பேட்ச்சும் கிடையாது, டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ரிம் வெடித்திருந்தால் வெல்டிங் வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் அந்த ரிம்மை வண்டியில் மாட்ட மாட்டேன். அலாய் ரிம் வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்துவதால்தான் அதற்கு வலு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும்.

அலாய் என்றாலே எடை குறைவு என்ற நினைப்பும் உண்டு. சந்தேகம் இருந்தால் தராசில் வையுங்கள். பட்டறையில் ஒரு பழைய தராசு வைத்திருக்கிறேன். மலிவான 16 இன்ச் அலாயை, வண்டியில் இருந்து கழற்றிய 14 இன்ச் இரும்பு ரிம்மோடு எடை போட்டால் பல தடவை அலாய்தான் ஒரு கிலோ கூட நிற்கும். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஏறும் எடையை ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சர்பர்தான் அடக்க வேண்டும். பிக்கப்பும் மைலேஜும் கொஞ்சம் குறையும்.

ரிம் வாங்கியே தீருவேன் என்பவர்கள், டிசைனைப் பார்க்கும் முன் ரிம்மின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகள், தாங்கும் பாரம், ஈ.டி. என்று எழுதிய எண் எல்லாம் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். ஈ.டி. என்பது ஆஃப்செட், அதாவது ரிம் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. ஈ.டி. 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளும். ரிம் அகலமும் ஒரு இன்ச் கூடினால் இன்னொரு 12.7 மி.மீ. நான்கு பேரோடு வேகத்தடை ஏறும்போது மட்கார்டில் டயர் உரசுவது இதனால்தான். வீல் பேரிங்குக்கும் பாரம் தப்பான இடத்தில் விழும். உள்ளே இருக்கும் ரிம்மை வெளியே தள்ள ஸ்பேசர் வைப்பதும் இதே கதைதான், கூடவே ஸ்டட்டில் நட் பிடிக்கும் மறையும் குறையும்.

பி.சி.டி., அதாவது நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 4 துளை, 100 மி.மீ. என்று பொருந்திவிட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். போதாது. சமீபத்தில் ஒருவர் வந்தார். "புது ரிம்முங்கண்ணா. 90 தாண்டினா ஸ்டீயரிங் உதறுது. மூணு கடையில பேலன்சிங் பண்ணியாச்சு, எல்லாத்துலயும் சைபர் காட்டுது." ரிம்மைக் கழற்றினேன். அவர் காரில் சக்கரம் உட்காரும் ஹப்பின் நடு மேடு 54.1 மி.மீ., ரிம்மின் நடுத்துளை 73.1. எல்லா மாடலுக்கும் சேரட்டும் என்று பெரிதாகத் துளைத்து விற்கும் ரிம். பேலன்சிங் மெஷின் கூம்பு வைத்து ரிம்மை நடுத்துளையில் பிடிக்கிறது, அதனால் அங்கே சைபர். வண்டியில் ஹப்பைத் தொடாமல் நட்டின் பிடியில் மட்டும் சக்கரம் தொங்குகிறது, நட் இறுக்கிய வரிசையில் நூலளவு ஒதுங்கி உட்கார்ந்துவிடுகிறது. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் நான்கு போட்டு, சக்கரத்தைத் தூக்கிய நிலையில் நட்டை எதிரெதிராக இறுக்கினோம். உதறல் நின்றுவிட்டது. ரிம்மின் விலையோடு பார்த்தால் அந்த ரிங்கின் விலை ஒன்றுமேயில்லை.

ஸ்பிரிங் கதைக்கு வருவோம். வெட்டித் தரச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள், நான் செய்வதில்லை. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மிச்சம் 20 சதவீதம் கடினமாகும். பழைய ஷாக் அப்சர்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்ப செய்தது, இந்தக் குதிப்பை அடக்க அதால் முடியாது. வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. வண்டி தாழ்ந்ததால், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் அடிக்கடி இடிக்கும். எதிர்ப்பக்கத்தில், வண்டியைத் தூக்க ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகும் ரப்பர் பஃபர் இப்போது தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. பார்க்க சாதுவாக இருக்கும். சொருகிய சுற்று அசையாமல் நின்றுவிடும், பாரம் மற்ற சுற்றுகளுக்குப் போகும். ரப்பர் உரசி பெயிண்ட் போன இடத்தில் துரு பிடிக்கும், ஸ்பிரிங் அங்கேதான் ஒடியும். பின்பக்கம் இறங்கி நிற்கிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, டிக்கியில் கேஸ் சிலிண்டர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புது ஸ்பிரிங் ஜோடி நேர்மையான வழி.

ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். கசியாமலும் ஷாக் கெட்டுப்போகும். டயரின் பட்டனில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள், அலை அலையாக மேடு பள்ளம் தட்டினால் பேலன்சிங்கோடு ஷாக்கையும் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். ஜோடியாக, மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறையோடு மாற்றுங்கள். கேஸ் நிரப்பிய நல்ல தரமான ஷாக் போட்டால் நெடுஞ்சாலையில் வண்டி அமைதியாகிவிடும். மறையைத் திருப்பி உயரம் மாற்றும் ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயில்ஓவர் தினசரி வண்டிக்கு வேண்டாம் என்பேன். இரண்டு மழைக்காலம் போனால் மறையில் துரு பிடித்துத் திருப்பவே வராது.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். நான் சொல்வது எளிது: உங்கள் மாடலின் உயர்ந்த வேரியண்ட்டில் கம்பெனியே போடும் அளவோடு நில்லுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுதித் தெரிவியுங்கள். கிளைம் நேரத்தில் சர்வேயர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

எதை மாற்றினாலும் கடைசியில் அலைன்மெண்ட் உண்டு. முன், பின் அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள். நட்டை நியூமேட்டிக் கன்னால் அடித்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். புது ரிம் என்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பாருங்கள். அலாய்க்கு வேறு நட் கொடுத்திருந்தால் பழைய நட்டுகளை ஒரு கவரில் போட்டு டிக்கியில் ஸ்டெப்னியோடு வைத்துவிடுங்கள். ஸ்டெப்னி இன்னும் இரும்பு ரிம்தான், அலாய் நட் அதன் துளையில் சரியாக உட்காராமல் போகலாம், அது தெரிவது நடு ராத்திரி பஞ்சரில்தான்.