பழைய ஜீப்பில் குழந்தை சீட்டுக்குக் கொக்கி வைக்கப் போகிறீர்களா?

மறுபடியும் ஒரு பொலிரோ. உசிலம்பட்டிப் பக்கத்து வண்டி. பேரனுக்காக மருமகள் ஆன்லைனில் குழந்தை சீட் வாங்கியிருக்கிறார். சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஐஸோஃபிக்ஸ் கொக்கிகளைப் (பெல்ட் இல்லாமல், வண்டியின் பாடியிலுள்ள கம்பியில் சீட்டை நேராகப் பூட்டும் கொக்கிகள்) பார்த்த தாத்தா, வண்டியில் அதை மாட்டக் கம்பி இல்லை என்று தெரிந்ததும் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறார். கட்டடத்துக்குப் போடும் 8 எம்.எம். முறுக்குக் கம்பியை வளைத்து, தரைத் தகட்டோடு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். கொக்கி 'கிளிக்' ஆகவில்லை, கொஞ்சம் ராவிக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தார்.

கிளிக் ஆகாமல் போனது அந்தக் குழந்தையின் அதிர்ஷ்டம்.

ஐஸோஃபிக்ஸ் கம்பி 6 மி.மீ. கனம் இருக்க வேண்டும். இரண்டு கம்பிக்கும் நடுவில் 280 மி.மீ. இடைவெளி. இந்த அளவெல்லாம் போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது, வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அளவு சரியாக இருந்து, கொக்கியும் பிடித்து, பூட்டிவிட்டது என்று காட்டும் பச்சை அடையாளமும் சீட்டில் தெரிந்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாகக் கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

"அண்ணே, வெல்டு கல்லு மாதிரி இருக்கு. நானே தொங்கிப் பாத்துட்டேன்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நீங்கள் தொங்கினால் எழுபது, எண்பது கிலோ, அதுவும் மெதுவாக ஏறும் பாரம். மோதலில் நடப்பதே வேறு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போலச் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். குழந்தை 14 கிலோ, சீட் 8 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 கிலோ, 440 கிலோவாக இழுக்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள். ஐரோப்பிய விதிப்படி ஐஸோஃபிக்ஸ் கம்பிகளைச் சோதிக்கும்போது 8 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 800 கிலோ விசையில் முன்பக்கமாக இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். நான் வெல்டைக் குறை சொல்லவில்லை. நம் ஊர் வெல்டர்கள் கைதேர்ந்தவர்கள். வெல்டு விடவே விடாது, விடப்போவது அதைச் சுற்றியுள்ள தகடு. வாழைத்தண்டில் முளை அடித்து மாட்டைக் கட்டினால் முளை உடைவதில்லை, தண்டுதான் கிழியும். ஜீப்பின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தொழிற்சாலையில் சீட் பெல்ட் போல்ட் விழும் இடத்தில் உள்ளே தனியாகக் கனத்த தகடு வைத்து, பாரத்தைக் கூரையைத் தாங்கும் தூணுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் பிரித்து அனுப்பியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஆகவே கம்பியின் கனத்தைக் கேட்காதீர்கள், கம்பிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் பாதி வண்டிகளில் அங்கே துருதான் இருக்கும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடுத்த படிக்குப் போகிறார்கள். "தகடு வேணாம்ணே, சேஸிஸ்லயே வெல்டு வெச்சிருவோம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொலிரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, பழைய சஃபாரி, ஜிப்சி எல்லாமே சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. நடுவில் ரப்பர் புஷ். சீட் பாடியோடு நிற்கிறது, உங்கள் கொக்கி சேஸிஸோடு நிற்கிறது. மேடு பள்ளத்தில் போனாலே இரண்டும் ஒன்றுக்கொன்று அசையும், மோதலில் கேட்கவே வேண்டாம். சீட்டும், அதைப் பிடிக்கும் ஆங்கரும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். அதோடு பின்பக்கம் கீழே டீசல் டேங்க் இருக்கிற வண்டியில் மேலே உட்கார்ந்து வெல்டு வைக்கிற தைரியம் எனக்கு இல்லை. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டு வைத்து, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. போன வண்டிகளின் கதை தனி.

ஆன்லைனில் விற்கும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' ஐஸோஃபிக்ஸ் பட்டையும் இதே ரகம். எல்லா வண்டிக்கும் பொருந்துவது எந்த வண்டியிலும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்காது.

சரி, என்னதான் செய்வது?

முதலில், ஐஸோஃபிக்ஸ் இல்லாவிட்டால் குழந்தைக்குப் பாதுகாப்பே இல்லை என்ற பயத்தை விடுங்கள். தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டால் கட்டும்படி அங்கீகாரம் பெற்ற குழந்தை சீட்கள் கிடைக்கின்றன. சரியாகக் கட்டிய பெல்ட் சீட், ஊரில் வளைத்த கம்பியில் மாட்டிய ஐஸோஃபிக்ஸ் சீட்டைவிட எவ்வளவோ மேல். வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள்: நம் நாட்டு ஏ.ஐ.எஸ். 072, அல்லது ஐரோப்பிய ஆர் 44, ஆர் 129. ஐஸோஃபிக்ஸில் மட்டும் மாட்டக்கூடிய சீட்டும் உண்டு. அதை வாங்கிவிட்டால் பெல்ட்டைச் சுற்றிச் சமாளிக்காதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வரிசையில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கிறதா? அங்கேதான் பணத்தைச் செலவழிக்க வேண்டும். அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் மூன்று முனை பெல்ட் வந்திருந்தால், பெரும்பாலும் உங்கள் வண்டியின் தூணிலும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் மரை போட்ட துளை இருக்கும். கம்பெனி பாகத்தை வாங்கி, கம்பெனி போல்ட்டையே போட்டு, கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், யு.என்.எஃப். என்ற அங்குல அளவு மரை, கடினப்படுத்திய எஃகு. கடையில் கிடைத்த 12 எம்.எம். போல்ட்டை 'கிட்டத்தட்ட அதே சைஸ்தான்' என்று அடித்து ஏற்றினால் துளையில் இருக்கும் மரையும் போச்சு. பழைய இரும்புக் கடையில் கழற்றிய பெல்ட் வேண்டவே வேண்டாம். அந்த வண்டி ஏன் இரும்புக் கடைக்கு வந்தது என்று யோசியுங்கள்.

மேல்வார் விஷயம். சில சீட்களில் உச்சியிலிருந்து பின்னால் ஒரு பட்டை வரும். மோதலில் குழந்தையின் தலை முன்னால் போகும் தூரத்தைப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் குறைப்பது அதன் வேலை. அந்தப் பத்து சென்டிமீட்டரில்தான் முன் சீட்டின் முதுகு இருக்கிறது. இதைச் சாமான் கட்டும் கொக்கியிலோ, சீட்டுக்கு அடியிலுள்ள கம்பியிலோ மாட்டக் கூடாது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி மேல்வார் துளை விட்டிருந்தால், சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் மேல்வார் எழுபதுகளிலிருந்தே பழக்கத்தில் இருக்கிறது. அங்கேயே பழைய வண்டியில் புதிய இடத்தில் ஆங்கர் வைக்க வேண்டுமென்றால், சான்றளிக்கும் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே டிரில்லும் கையுமாக நிற்கும் நாம் யார்? துளை இல்லையென்றால், மேல்வார் இல்லாமலே பெல்ட்டால் கட்ட அங்கீகாரம் பெற்ற சீட்டை வாங்குங்கள்.

பின்னால் எதிரெதிராக இருக்கும் பக்கவாட்டு பெஞ்சில் குழந்தை சீட் கூடாது. எந்த முறையிலும் கூடாது. பெஞ்சை எடுத்துவிட்டு முன்பார்த்த சீட் போடலாமே என்பவர்களுக்கு: ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வந்து நிற்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மாட்டிய பிறகு, பெல்ட் செல்லும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் திரும்பக் கட்டுங்கள். குழந்தைக்குக் குறைந்தது பதினைந்து மாதம் ஆகும்வரை பின்பார்த்தபடிதான், ஏர்பேக் உள்ள முன் சீட்டில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் பக்கிள் கொதிக்கும், துண்டு போட்டு மூடி வையுங்கள். குழந்தை ஒருமுறை சுட்டுக்கொண்டால் அப்புறம் அந்த சீட்டில் உட்காராது.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கட்டாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதம். அந்த ஆயிரத்துக்குப் பயந்தாவது, அம்மாச்சி மடியில் உட்கார வைத்துக்கொண்டு திருமங்கலம் நான்குவழிச் சாலையில் பறக்காதீர்கள். மேலே சொன்ன 20 மடங்குக் கணக்கை ஒருமுறை மடிக்கும் போட்டுப் பாருங்கள்: பத்துக் கிலோ குழந்தையை இருநூறு கிலோவாகப் பிடிக்க எந்தப் பாட்டியாலும் முடியாது.

உசிலம்பட்டித் தாத்தாவின் கம்பியை அறுத்து எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து, துருவுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். நல்லவேளையாக அந்த சீட்டைப் பெல்ட்டாலும் கட்டலாம். கோபம்தான், ஆனாலும் பேரனுக்கு சீட் வேண்டும் என்று நினைத்த மனுசன், திட்ட முடியவில்லை.

உங்கள் வண்டியை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும், சீட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். அதன் கையேட்டையும்தான். பாதிப் பேர் அதை அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள்.