யோனாவுக்கும் கப்பல் கிடைத்தது

இரண்டு மாதம் முன்னால் எங்கள் சபையில் ஒரு தம்பி சாட்சி சொன்னான். படிப்பை முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவனுக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம், நானும்தான். முதல் சம்பளத்தை அவன் அம்மா கவரில் போட்டு முதற்பலன் என்று படைத்தார். போன வாரம் அதே அம்மா போனில் அழுகிறார். "அக்கா, நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம். நீங்களும் ஹெச்.ஆர்.தானே, கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

பேச என்ன இருக்கிறது? வேலையில்லாத இரண்டு வருடத்தை அனுபவமாகக் காட்டி தம்பி 'ஃபேக்' போட்டிருக்கிறான். ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் மூன்றையும் செட்டாக வாங்கியிருக்கிறான்.

பதினேழு வருடமாக ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். ஃபேக் எனக்குப் புதிதில்லை. அதற்கு நம் பிள்ளைகள் சொல்லும் விளக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. "ஆன்ட்டி, லெட்டர் மட்டும்தான் ஃபேக். மூணு ரவுண்டும் நானே க்ளியர் பண்ணேன். கர்த்தர் கதவைத் திறக்காம எப்படிக் கிடைச்சிருக்கும்?" இந்த வருடத்தில் இதைச் சொன்ன நான்காவது பிள்ளை இவன்.

தம்பி, பைபிளில் வரும் தீர்க்கதரிசி யோனாவுக்கும் கதவு திறந்தது. கடவுள் நினிவேக்குப் போகச் சொன்னால், அவரிடமிருந்து தப்பி ஓட அவன் யோப்பா துறைமுகத்துக்குப் போனான். தர்ஷீசுக்குப் போகிற கப்பல் அங்கே தயாராக நின்றது. கையில் காசும் இருந்தது, கூலி கொடுத்து ஏறினான். கப்பலின் கீழ்த்தட்டில் படுத்துத் தூங்கியும் விட்டான். நீயும் கூலி கொடுத்துத்தான் ஏறினாய், ரசீது கன்சல்டன்சியில் இருக்கும். கிடைத்தது என்பதாலேயே ஒன்று கடவுள் கொடுத்தது ஆகிவிடாது. இன்டர்வியூவில் நன்றாகப் பதில் சொன்னது உன் திறமை, சரி. ஆனால் அந்த நாற்காலியில் உன்னை உட்கார வைத்தது பொய்க் காகிதம். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்' என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய பிள்ளை நீ.

'கேப்', அதாவது வேலையில்லாத இடைவெளி, இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று இவர்கள் பயப்படுகிறார்கள். பைபிளில் யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டது பதினேழு வயதில், எகிப்து ராஜா பார்வோன் முன் நின்றது முப்பதில். நடுவில் பதின்மூன்று வருடம், அதில் சிறைவாசமும் உண்டு. சிறையில் உடனிருந்த, பார்வோனின் பானபாத்திரக்காரன் வெளியே போனதும் மறந்துபோனதாலேயே இரண்டு வருடம் கூடுதல். யோசேப்பைப் பற்றிப் பார்வோனிடம் சொன்னபோது அவன் சிறையில் இருந்ததை யாரும் மறைக்கவில்லை. நான் எடுத்தவர்களில் கேப் உள்ளவர்கள் எத்தனையோ பேர். "அப்பாவுக்கு உடம்பு முடியல, கடையைப் பார்த்துக்கிட்டேன்" என்று ஒரு பையன் நேராகச் சொன்னான். கணக்கு வழக்கு பார்த்தவன் என்று உடனே எடுத்தோம்.

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்கிற தைரியம் எங்கிருந்து வருகிறதோ! யூ.ஏ.என். என்கிற உன் பி.எஃப். எண்ணின் கணக்கில் எந்தக் கம்பெனி எந்த மாதம் பி.எஃப். கட்டியது என்று வரிசையாக இருக்கும். சம்பளத்தில் டி.டி.எஸ். வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் கணக்கில் தெரியும். கொடுத்த விவரம் உண்மையா என்று பார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் சேர்ந்த பிறகும் ஓடிக்கொண்டு இருக்கலாம். போலிக் காகிதம் என்று தெரிந்தே கொடுப்பது சட்டப்படியும் குற்றம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டாயா? வெரிஃபிகேஷன் முடிவு வருவதற்குள் நீயே ஹெச்.ஆரிடம் போய்ச் சொல். வேலை போகலாம், பெரும்பாலும் போகும்தான். இருந்தாலும் போய்ச் சொல். இனிமேல் தேடப்போகிறவர்கள் ஃப்ரெஷர் என்றே போடுங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு ஷிஃப்ட் உண்டா என்பதை ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். வார விடுமுறை ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சேர்ந்த பிறகு "நான் கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை வர முடியாது" என்று நின்றால் டீம் லீட் என்ன செய்வார், பாவம்? அப்புறம், ஆஃபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் வசனம் போடுவதை விட டைம் ஷீட்டில் உண்மையான மணிக்கணக்கைப் போடுங்கள். பதவி உயர்வுப் பேச்சு வரும்போது மேனேஜர் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். பைபிளில் ராஜாவிடம் அதிகாரியாக இருந்த தானியேலின் எதிரிகளும் அவன் ராஜ்ய வேலையில்தான் முதலில் குற்றம் தேடினார்கள், ஒன்றும் சிக்கவில்லை.

பெற்றோரிடம் ஒரு கெஞ்சல். "பக்கத்து வீட்டுப் பையன் செட்டில் ஆகிட்டான், நீ எப்போ?" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்காதீர்கள். அந்தக் கன்சல்டன்சிக்குக் கட்டிய பணம் பல வீடுகளில் அம்மாவின் வளையல்தான்.

தம்பி நேற்று ராத்திரி தன் உண்மையான ரெஸ்யூமேயை அனுப்பியிருக்கிறான். முக்கால் பக்கம்கூட வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் உட்காரப் போகிறோம். லேப்டாப் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.