100 கிராம் ஈயம் ஏன் நகர்கிறது?

"சிங்கப்பூர் பிடோக் ஜெட்டியில் 100 கிராம் ஈயம் போட்டும் தரையில் நிற்கவில்லை, பக்கத்துத் தூண்டிலில் போய்ச் சிக்குகிறது. 200 கிராம் போடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். கோல் தாங்கினால் போடலாம். அதற்கு முன் தூண்டில் நரம்பைப் பாருங்கள்.

ஈயத்தின் மேல் குற்றமில்லை. தண்ணீரைப்போல 11 மடங்கு அடர்த்தி. கடலுக்குள் 9 விழுக்காடு எடைதான் குறையும். ஆகவே அடியில் 91 கிராம். (கருங்கல்லாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும்.) நீரோட்டம் பிடித்து இழுப்பது நரம்பை.

0.4 மி.மீ. தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) 30 மீட்டர், ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. பார்க்க முடி மாதிரிதான். ஆனால் நீளத்தை விட்டத்தால் பெருக்கினால் 120 சதுர செ.மீ.; ஒரு கைபேசியை ஓட்டத்துக்கு எதிராக விரித்துப் பிடித்த மாதிரி. நீர் விநாடிக்கு அரை மீட்டர் ஓடினால் அதன்மேல் விழும் தள்ளல் சுமார் 170 கிராம் எடைக்குச் சமம். பாதியைக் கோல்முனை தாங்கும், மீதி 85 கிராம் ஈயத்தின் தலையில். மணலில் ஈயத்தின் பிடியோ அதன் எடையைவிடக் குறைவு. சாய்ந்த நரம்பு அதைத் தூக்கவும் பார்க்கும். நகராமல் என்ன செய்யும்?

அதே பலமுள்ள பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) ஏறக்குறைய 0.2 மி.மீ.தான். தள்ளல் பாதியாகிவிடும், ஈயத்தை மாற்றாமலேயே.

ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாகி ஓட்டமும் கடுமையாவதால்தான் அன்று ஈயம் உருள்கிறது. "மீன் கடிக்காத நாள்" என்ற பேச்சில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் ஓட்டம் பெரும்பாலும் தணியும். அடித்தூண்டிலுக்கு அதைவிட நல்ல நாள் ஏது?

கட்டும் முறை சுருக்கமாக: பிரெய்டு பாறையில் உரசினால் அறுந்துவிடும் என்பதால் நுனியில் 3 மீட்டர் தங்கூசியை டபுள் யூனி முடிச்சால் இணையுங்கள். அதில் துளையுள்ள ஈயத்தைக் கோத்து, அடுத்து ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்). மணி இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் ஈயம் முடிச்சில் இடித்து அதை நைத்துவிடும். ஸ்விவலின் மறுபக்கம் 50 செ.மீ. லீடர் (கொக்கியைக் கட்டும் தனி நரம்பு), கொக்கி. அதைவிட நீளம் வைத்தால் வீசும்போது சுற்றிக்கொள்ளும். மீன் இறாலைக் கவ்வி இழுக்கையில் நரம்பு துளை வழியே வழுக்கிப் போகும், ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. முடிச்சை எச்சில் தடவி இறுக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் பலமிழந்து, களவா மீன் பாறைக்குள் பாயும் நேரம் பார்த்து விட்டுவிடும்.

மணலுக்குக் கூம்பு ஈயம் நன்றாகப் புதையும். பாறையில் அதுவே ஆப்பு. அங்கே ஈயத்தை நேரே கோக்காமல், நரம்பில் ஓடும் ஒரு ஸ்விவலில் 8 பவுண்டு மட்டுமே தாங்கும் மெல்லிய நரம்பால் தொங்கவிடுங்கள். சிக்கினால் ஈயம் மட்டும் போகும். ஆனால் அப்படிக் கட்டியதை ஓங்கி வீசக்கூடாது. நரம்பு காற்றிலேயே அறுந்து, 100 கிராம் ஈயம் ஆள் நடமாடும் பக்கம் பறக்கும். ஜெட்டி ஓரமாக நேரே கீழே இறக்க மட்டும் அது.