மனைக்கு அனுமதி உண்டு, தண்ணீருக்கு வழி எங்கே?

செய்தித்தாளின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, அவ்வப்போது ஒரு சிறிய அறிவிப்பு வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன புல எண்களில் உள்ள நிலத்தை விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவ்வளவுதான். அந்த நிலத்துக்கு நேர் பின்னால் குடியிருப்பவர்கள்கூட அதைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், வெறும் புல எண்ணை வைத்து அது ஊரில் எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரியவரும். அதற்கப்புறம்தான் பெரும்பாலும் என்னைத் தேடி வருகிறார்கள்.

நான் நகரமைப்பு ஆலோசகர். தென்சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் வேலை செய்கிறேன். நில உரிமையாளர்களுக்கு மனைப்பிரிவு வரைபடம் தயாரித்துக் கொடுப்பதும் என் தொழில், குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கு அந்த வரைபடங்களைப் படித்துச் சொல்வதும் என் தொழில். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அனுமதிக் காகிதங்கள் எல்லாமே மதில் சுவருக்கு உள்ளே நடப்பதைத்தான் பார்க்கின்றன. வெளியே என்ன ஆகும் என்பது அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் யாரும் உரிய நேரத்தில் கேட்பதில்லை.

ஓர் உதாரணம். ஏரிக்கோ கால்வாய்க்கோ அருகில், அல்லது தாழ்வான இடத்தில் பெரிய குடியிருப்பு கட்டுவதென்றால் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். மனையில் வெள்ளம் தேங்குமா என்று துறைப் பொறியாளர்கள் பார்ப்பார்கள். தேங்கும் என்றால், தரையை இத்தனை மீட்டர் உயர்த்து, சுற்றித் தாங்கு சுவர் கட்டு, மழைநீர் வடிகால் அமை என்று நிபந்தனை போட்டுச் சான்று தருவார்கள். லாரி லாரியாகச் சவுடு மண் வந்து இறங்கும். மனை மேடாகிவிடும். முன்பு அந்தப் பள்ளத்தில் தங்கி மெல்ல வடிந்த மழைநீர் இப்போது எங்கே போகும்? பக்கத்துத் தெருவுக்குத்தான். மனையைக் காப்பாற்றப் போட்ட அதே நிபந்தனைதான் அக்கம்பக்கத்தை மூழ்கடிக்கிறது. இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

தென்சென்னையின் புறநகர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். வாசற்படி ஏறி நுழைய வேண்டிய வீட்டுக்குள் இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியது ஒரு காரணம், பக்கத்து மனைகளை உயர்த்தியது இன்னொரு காரணம். அந்த வீட்டுக்காரர் வாசலில் ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் கட்டு கட்டியிருப்பார். மழைக்காலத்தில் அதற்கும் மேல் மணல் மூட்டை வரும். அவர் கட்டியபோது அந்த வீடு தெருவைவிட உயரமாகத்தான் இருந்தது.

இந்தப் பகுதியின் நில அமைப்பே தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரி அடுத்த ஏரிக்குப் போகும், அதுவும் நிரம்பினால் அடுத்ததற்கு. தாம்பரத்தையும் வேளச்சேரியையும் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. பெருங்குடி குப்பைக் கிடங்கு, அரசு நிறுவனங்கள், சாலைகள், அடுக்குமாடிகள் எல்லாம் வந்து வந்து சதுப்பு நிலம் சுருங்கிப்போனது. மிஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்த பிறகும், அதன் எல்லை தரையில் சரியாக எங்கே இருக்கிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், தண்ணீர் எந்தெந்த இடத்தைத் தேடிப் போனது என்பதைப் பார்த்தவர்களுக்கு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஊராட்சியில், ஒரு நலச்சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏரிக்குக் கீழே புதிதாக வரப்போகும் மனைப்பிரிவின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் வருவாய்த் துறையின் நில அளவைப் படமான புலப்படம். ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புலப்படத்தில் விரலை வைத்தார். கோடுகளை அவர் படித்ததாகத் தெரியவில்லை. ஏரிக்கரை எந்தப் பக்கம் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து கிழக்கே விரலை நகர்த்தினார்.

“தம்பி, ஏரி நிரம்பிக் கோடி போனா தண்ணி இந்த வழியாத்தான் வரும். இங்க ஒரு வளைவு இருக்கும், பார்த்தியா? அங்க பனைமரம் இருந்துச்சு. அதைச் சுத்திக்கிட்டு அந்தாண்ட மதகுக்குப் போகும்.”

புலப்படத்தில் சரியாக அந்த இடத்தில் இணையாக இரண்டு கோடுகள் வளைந்து போயின. கிராம நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டில் அந்த உட்பிரிவு எண்ணுக்கு நேரே ‘வாய்க்கால்’ என்று இருந்தது. புதிய வரைபடத்திலோ அதே இடத்தில் நேரான ஒரு சாலை, அதற்கு அடியில் இரண்டடி விட்டமுள்ள சிமென்ட் குழாய். “ஐயா, கோடி போகும்போது எவ்வளவு அகலத்துக்குத் தண்ணீர் வரும்?” என்று கேட்டேன். அந்த அறையின் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் காட்டினார்.

அவர் சொன்னதை வைத்துச் சங்கத்தின் சார்பில் ஆட்சேபணை மனு எழுதினோம். அது நல்ல மனுவாக அமைந்தது. காரணம், அதில் கோபத்தைவிடத் தகவல் அதிகம் இருந்தது. பெரும்பாலான மனுக்கள் “இத்திட்டத்தால் சுற்றுச்சூழல் கடுமையாகப் பாதிக்கப்படும், எனவே ரத்து செய்ய வேண்டும்” என்று எழுதி, நூறு கையெழுத்தோடு வருகின்றன. அதிகாரி அதைக் கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுவை வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிந்ததும் ஒன்றுமில்லை. இந்த மனுவில், எந்தப் புல எண் வழியாக எந்த ஏரியின் உபரிநீர் போகிறது, பதிவேட்டில் அது என்னவாக இருக்கிறது, எந்த மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, அதற்கு என்ன படம் இருக்கிறது என்று வரிசையாக எழுதினோம். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாய்க்காலைப் பழைய அகலத்தில் திறந்தபடி விட்டுவிட்டு மனைகளை மாற்றிப் பிரிக்க வேண்டும். திருத்திய வரைபடத்தில் சில மனைகள் குறைந்தன, வாய்க்கால் திரும்ப வந்தது. மனைப்பிரிவும் வந்தது. வரட்டும், வீடு வேண்டியவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஊர்க் கருத்து’ என்று ஒற்றைக் கருத்து எந்த ஊரிலும் இல்லை. அதே கூட்டத்தில் நிலத்தை விற்கப்போகும் விவசாயியும் உட்கார்ந்திருந்தார். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, மகள் கல்யாணம் நெருங்குகிறது, என் நிலத்தை நான் விற்கக் கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வங்கிக் கடன் வாங்கி அங்கே மனைக்கு முன்பணம் கொடுத்திருந்த ஒரு தம்பதி, எங்களை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்றார்கள். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்கள் கூட்டத்துக்கே வரவில்லை; அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் இதேபோல் வயலில் போட்ட மனையில் வீடு கட்டியவர்கள்தான் இப்போது எல்லோரையும்விட உரக்கப் பேசினார்கள். ‘நான் வந்தாகிவிட்டது, இனி யாரும் வரக் கூடாது’ என்பது சுற்றுச்சூழல் அக்கறை ஆகாது. அந்தத் தொனி மனுவில் இருந்தால் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

கருத்தே கேட்கப்படாதவர்கள் என்று பார்த்தால், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருப்பவர்களை முதலில் சொல்ல வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை, ஆற்றின் போக்கைத் தடுக்கிறார்கள், வெள்ள ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளியும் இருந்த இடத்திலிருந்து வெகு தூரம் கொண்டுவந்து, சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டிக் குடியமர்த்தினார்கள். அங்கும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இன்னொரு வெள்ளத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். எங்கே வீடு வேண்டும் என்று முதலிலேயே அவர்களைக் கேட்டிருந்தால், வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் நகரமைப்புக் கருத்துதான்.

சரி, சட்டத்தில் மக்கள் பேச எங்கே இடம் இருக்கிறது? பலர் நினைப்பதுபோல் பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குப் பொது விசாரணைக் கூட்டம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு கொடுத்திருக்கிறது. ஒரு சுரங்கத்துக்குக் கூட்டம் போட்டுக் கேட்கும் அரசு, ஆயிரம் வீடுகள் கொண்ட வளாகம் வரும்போது பக்கத்துத் தெருவைக் கேட்பதில்லை. இந்த விலக்கு எடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அனுமதி கேட்டு வந்த விண்ணப்பமும் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே, மழைநீர் எந்தக் கால்வாய்க்கு என்று அதில் எழுதியிருப்பார்கள். படித்துப் பாருங்கள், வறண்டுபோன கிணறும் இல்லாத வடிகாலும் காகிதத்தில் உயிரோடு இருப்பதைச் சில சமயம் பார்க்கலாம். அனுமதி கிடைத்துவிட்டால் அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் சிக்கல்தான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் நீர்வளத் துறைச் சான்றும் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போதும். ஊராட்சி என்றால் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் மட்டுமே ஒரு திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் ஊர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் நீதிமன்றத்தில் கிடைக்காது.

ஏற்கெனவே வந்துவிட்ட மனைப்பிரிவுகளில் ஒன்றை மட்டும் கண்காணித்தால்கூடப் போதும்: ஓஎஸ்ஆர் எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. சாலைகள் நீங்கலாக 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத நிலத்தைப் பூங்கா, விளையாட்டிடத்துக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. கொடுத்த பிறகு அது பொதுச் சொத்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் போய் விளையாடலாம். நடைமுறையில் நான் பார்ப்பது வேறு. சில இடங்களில் கேட் போட்டுப் பூட்டி, ‘குடியிருப்பவர்களுக்கு மட்டும்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் யாரோ ஒரு கொட்டகை போட, அது கடையாகிவிடுகிறது. தானப் பத்திரத்தின் நகல் உங்கள் சங்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வையுங்கள். மழைநீர் தரைக்குள் இறங்கச் சில ஊர்களில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான்.

ஒவ்வொரு மனைக்கும் ஓடி ஓடி ஆட்சேபணை எழுதுவதைவிட, முழுமைத் திட்டம் தயாராகும்போது பேசுவது பல மடங்கு பயன் தரும். எந்த இடம் குடியிருப்பு, எது விவசாயம், எது நீர்நிலை என்று நிறம் தீட்டுவது அங்கேதான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971ன்படி வரைவை வெளியிட்டு, ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். சென்னைப் பெருநகருக்கு இப்போது நடப்பில் இருப்பது 2008ல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டம். மூன்றாவது தயாராகிவருகிறது. இதற்கிடையில் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 2022ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் எத்தனையோ ஏரிக் கிராமங்கள் அதற்குள் வந்துவிட்டன.

அந்தக் கிராமங்களில் ஏரி கோடி போகும் வழி தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வரைவு வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊராட்சி அலுவலகத்திலோ சங்கத்திலோ நான்கு பேர் சேர்ந்து புலப்படங்களையும் அ-பதிவேட்டுப் பக்கங்களையும் இப்போதே எடுத்து வையுங்கள். இணையத்தில் வருவாய்த் துறையின் தளத்திலேயே நிறையக் கிடைக்கிறது. பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து, வரவுக் கால்வாய், உபரிநீர் வழியும் கலங்கல், உபரி ஓடை, மேய்க்கால், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் காட்டச் சொல்லி, தேதியோடு படம் எடுங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: கருத்துக் கேட்புக் கூட்டத்தை அதன் அலுவலகம் இருக்கும் எழும்பூரில் வைக்காமல், ஒன்றியம்தோறும், தமிழில், புல எண் தெரியும் வரைபடத்தோடு வைக்க வேண்டும்.